பத்துப் பேர் படகும் துரத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயணப் பக்கத்தில் வந்த டால்பின், திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திமிங்கிலம் என்றாலே எங்கோ அம்பர்கிரிஸ் (திமிங்கிலக் குடலில் உருவாகும் விலையுயர்ந்த பொருள்) பிடிபட்டது என்ற செய்தியாக மட்டுமே படித்துப் பழகிய நமக்கு, அது உயிரோடு நீந்துவதைப் பற்றி முக்கால் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் அதில் ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருநூறு பேர் ஏறும் பெரிய கப்பலில் போகாதீர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் போகும் சிறிய படகில் போங்கள், அந்த உயிர்களுக்கும் தொந்தரவு இருக்காது, உங்களுக்கும் நன்றாகத் தெரியும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நன்றாகத் தெரியும் என்பது உண்மை. தொந்தரவு இருக்காது என்பதை நானும் நம்பித்தான் பணம் கட்டினேன், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போடுவதென்றால் போடுங்கள்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு இடம், வெவ்வேறு ஆட்கள். எந்த ஊர், யார் நடத்துகிறார்கள் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் முதல் பயணத்தில் நடந்தது அந்த ஒரு படகுக்காரரின் தனிக் குணம் இல்லை, இந்தத் தொழில் நடக்கும் பல கடற்கரைகளில் இதே கதைதான்.

முதல் தடவை போனது ரப்பர் படகு. பத்துப் பேர், பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின். ஓட்டுநர் இளைஞர், நல்ல கலகலப்பான ஆள், ஏறும்போதே எல்லார் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டார். கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, டால்பின் கூட்டம் தெரிந்தது. முப்பது நாற்பது இருக்கும். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். படகு சீறிக்கொண்டு போகும், நிற்கும், டால்பின்கள் எங்களை நோக்கியே வரும், படகின் இருபுறமும் பிரிந்து போகும், நாங்கள் கைதட்டுவோம். மறுபடி சீறும், நிற்கும், மறுபடி அவை எங்களை நோக்கியே வரும். "பாருங்க, நம்மளத் தேடி வருதுங்க" என்றார் அவர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நானும் கைதட்டினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

உண்மை எனக்கு உறைத்தது வீட்டில். உறவினர்களுக்குக் காட்டலாம் என்று செல்போனில் எடுத்த வீடியோவை டிவியில் போட்டேன். 22 நிமிட வீடியோ. படகில் இருக்கும்போது காற்றும் ஆரவாரமும் காதை அடைத்ததால் தெரியவில்லை, டிவியில் முதல் வேலையாகக் கேட்டது எஞ்சின் சத்தம். கனமான மேசையைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு கரகரப்பு, நடுநடுவே உச்சத்துக்குப் போய் வீறிடும். அந்த வீறிடலுக்குப் பிறகுதான் ஒவ்வொரு தடவையும் டால்பின்கள் "எங்களைத் தேடி" வந்திருக்கின்றன. அதாவது படகு அவற்றைச் சுற்றிக்கொண்டு முந்திப் போய், அவை போகும் பாதையில் குறுக்கே நின்றிருக்கிறது. போகிற வழியில் போய் நின்றால் எதிரே வராமல் எங்கே போகும்? ஏழு தடவை அப்படிச் செய்திருக்கிறார், உட்கார்ந்து எண்ணினேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது, பெரிய முதுகு ஒன்றை ஒட்டினாற்போல ஒரு சின்ன முதுகு, அந்த ஜோடி மற்றவற்றை விட்டுத் தனியே வலப்பக்கமாகத் திரும்புகிறது, எங்கள் படகும் அதன் பின்னாலேயே திரும்புகிறது. பின்னணியில் யாரோ, "குட்டி, குட்டி, கிட்டப் போங்க" என்று கத்துகிறார்கள். அந்தக் குரல் என்னுடையது.

இப்படி முந்திப் போய் வழிமறிப்பதைத்தான் திமிங்கிலம் பார்க்கும் தொழில் தெரிந்தவர்கள் முதல் தப்பாகச் சொல்கிறார்கள். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால் பயணிக்கு அது தப்பாகவே தெரியாது. படகு நின்றுகொண்டிருக்கிறது, எஞ்சின் அடங்கியிருக்கிறது, டால்பின் தானாக வருகிறது, இதைவிட மரியாதையான காட்சி உண்டா?

டால்பின்கள் தாமாகவே படகுக்கு வருவதும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஓடும் படகின் முன்மூக்கு தண்ணீரைத் தள்ளும்போது அங்கே ஒரு அழுத்த அலை உண்டாகும், அதில் ஏறிக்கொண்டு வாலை அதிகம் அசைக்காமலே சறுக்கிக்கொண்டு வருவது அவற்றுக்கு விளையாட்டு. மெக்சிகோவின் சான் இக்னாசியோ காயலில் சாம்பல் திமிங்கிலங்கள் குட்டியையும் கூட்டிக்கொண்டு சின்ன மீன்பிடிப் படகுகளை உரசிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்காரர்கள் அதே சாம்பல் திமிங்கிலத்துக்குப் பேய் மீன் என்று பெயர் வைத்திருந்தார்கள், குட்டியைக் காப்பாற்ற ஆவேசமாகப் படகுகளை உடைத்ததால். 1972 இல் அந்தக் காயலில் ஒரு மீனவர் படகருகே வந்த திமிங்கிலத்தைக் கையால் தொட்டார், அதிலிருந்துதான் அங்கே கதை மாறியது. ஆனால் அங்கே கிட்ட வருவதா வேண்டாமா என்பது திமிங்கிலத்தின் முடிவு. எங்கள் படகில் முடிவு எடுத்தது எஞ்சின் நெம்புகோலில் இருந்த கை.

படகு சிறியது என்பதால் சத்தமும் சிறியது என்று நினைப்பதில்தான் கோளாறு. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகம், தூரமும் அதிகம். வேகமாகச் சுழலும் அவுட்போர்டின் கீச்சுச் சத்தம் டால்பின்களுக்கு நன்றாகக் காதில் விழும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. டால்பின் கண்ணை நம்பி வாழும் பிராணி இல்லை. இரை தேடுவது ஒலியால், தாயும் குட்டியும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதும் ஒலியால். பாட்டில்நோஸ் டால்பின்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீழ்க்கை உண்டு, கிட்டத்தட்ட பெயர் மாதிரி. கூட்டம் நடுவில் இரண்டு எஞ்சின் வீறிட்டால் அந்தப் பெயர்கள் எல்லாம் அதில் அமுங்கிப் போகும்.

தள்ளி நின்றாலே போதும் என்பதும் முழுக்கச் சரியில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் குட்டியோடு ஓய்வெடுக்கும் ஹம்ப்பேக் திமிங்கிலத் தாய்களிடம் ஒரு சோதனை செய்தார்கள், 2020 இல் வெளியானது. படகு அதே 100 மீட்டரில்தான் நிற்கும், தண்ணீருக்குள் இறக்கிய ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். சத்தம் குறைவாக இருந்தபோது தாய்கள் பொருட்படுத்தவே இல்லை. பலமாக வைத்தபோது ஓய்வு நேரம் சுமார் 30 சதவீதம் குறைந்தது, மூச்சு விடும் வேகம் இரு மடங்கானது, குட்டியைக் கூட்டிக்கொண்டு வேகமாக நகரவும் தொடங்கின. குட்டியோடு அங்கே இருக்கும் மாதங்களில் தாய் பெரும்பாலும் சாப்பிடுவதே இல்லை, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் தானும் வாழ்ந்து குட்டிக்கும் பால் கொடுக்க வேண்டும். நாம் ஓட வைக்கிற ஒவ்வொரு ஓட்டமும் அந்தக் கொழுப்பிலிருந்துதான் கழிகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் டால்பின் காட்டும் சுற்றுலா நடத்துபவர் ஒருவர் இருந்தார், பிறகு இரண்டு பேரானார்கள். ஒன்று இரண்டானது, அவ்வளவுதான். படகுகள் சுற்றிய பகுதியில் டால்பின்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துபோனது என்று 2006 இல் வந்த ஆய்வு சொன்னது. அரசு அதைக் கேட்டு உரிமத்தைப் பழையபடி ஒன்றாக்கியது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸில் பாட்டில்நோஸ் டால்பின்கள் 1999 இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போன பிறகு, 2019 இல் அவற்றோடு சேர்ந்து நீந்தும் சுற்றுலாவையே நிறுத்தினார்கள். இவையெல்லாம் வேட்டையாடப் போனவர்களின் கதை இல்லை, அன்பாகப் பார்க்கப் போனவர்களின் கதை.

நூறு பேர் ஒரே பெரிய படகில் போனால் அந்தத் திமிங்கிலத்தைச் சுற்றி ஒரு எஞ்சின். அதே நூறு பேர் பத்துப் பத்தாகப் போனால் பத்து எஞ்சின், பத்து ஓட்டுநர், ஒருவர் வாக்கிடாக்கியில் "இங்கே இருக்கு" என்று சொன்னதும் பத்தும் நாலா பக்கமும் இருந்து வந்து சேரும். நியூசிலாந்து விதியில் ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த எல்லைக்குள் அலை எழுப்பாமல் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டுதலில் திமிங்கிலத்துக்கு 100 மீட்டர், டால்பினுக்கு 50 மீட்டர். ஹவாயில் ஸ்பின்னர் டால்பின்களை 50 யார்டுக்குள் நெருங்கவோ கூட நீந்தவோ கூடாது என்று 2021 இல் சட்டமே வந்தது, ஏனென்றால் அவை இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஆழமில்லாத விரிகுடாக்களில் தூங்க வருகின்றன, நாம் காலை எட்டு மணிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போய் எழுப்புகிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மொத்தம் எண்பதுக்கும் குறைவான ஓர்க்காக்களே (கொலைத் திமிங்கிலங்கள்) மிஞ்சியிருக்கும் கூட்டங்களிடம் 2025 ஜனவரியிலிருந்து 1,000 யார்டு, அதாவது 900 மீட்டருக்கும் மேல், தள்ளி நிற்க வேண்டும். இந்த விதிகளில் தூரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, படகுகளின் எண்ணிக்கை இருக்கிறது. உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் திமிங்கிலம் கண்டுகொள்வதில்லை.

சிறிய படகே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நான் இனிமேல் போனாலும் சிறிய படகில்தான் போவேன். மைக் இல்லாமல் பேசலாம், ஒருவர் "அதோ" என்றதும் நூறு பேர் ஒரே பக்கமாக ஓடி நெருக்க மாட்டார்கள், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். (ஆட்டம் அதிகம், அதையும் கட்டுரையில் எழுதியிருக்கலாம். வாந்தி வரும் உடம்பு உள்ளவர்கள் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், நடுவிலோ பின்பக்கமாகவோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும், செல்போன் திரையைப் பார்த்தால் தொலைந்தோம்.) நான் சொல்வது, சிறிய குழு என்பது நமக்குக் கிடைக்கிற வசதி, அதைத் திமிங்கிலத்துக்குச் செய்கிற உபகாரமாக விளம்பரம் செய்ய வேண்டாம்.

இரண்டாவது பயணத்தைச் சொன்னால்தான் இது புரியும். பன்னிரண்டு பேர் போகும் ஃபைபர் படகு. ஓட்டியவர் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி, கூடவே விளக்கம் சொல்ல இன்னொருவர். ஏறியதும் அந்த அம்மா சொன்ன முதல் வாக்கியமே, "இன்னைக்கு ஒண்ணுமே தெரியாமத் திரும்பி வரலாம், அதுக்குத் தயாரா இருக்கறவங்க மட்டும் வாங்க" என்பதுதான். யாரும் இறங்கவில்லை, ஆனால் இரண்டு மூன்று முகம் சுருங்கியது.

ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரு இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, நீளமான ஒரு கம்பின் நுனியில் மாட்டியிருந்த மைக்கைத் தண்ணீருக்குள் விட்டு மெல்லத் திருப்பித் திருப்பிக் கேட்டார். எங்களுக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். காது பழகிய பிறகு அதற்கு அடியில் டக், டக், டக் என்று சீராக ஒரு சத்தம், தூரத்தில் யாரோ சுவரில் ஆணி அடிப்பது மாதிரி, நொடிக்கு ஒன்று இரண்டு. ஸ்பெர்ம் திமிங்கிலம். கீழே இருட்டில் இரைக்குக் கணவாய் தேடிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தம்தான் அதற்கு டார்ச் லைட். வழக்கமாக முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட உள்ளேயே இருக்கும், அப்புறம் மேலே வந்து எட்டுப் பத்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கிவிடும். "டக் டக் நின்னுச்சுன்னா மேல வருதுன்னு அர்த்தம்" என்றார். ஆக நாங்கள் பன்னிரண்டு பேரும் கடல் நடுவில் ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து ஒரு சத்தம் எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டிருந்தோம். யாரும் பேசவில்லை. எனக்கு அந்த நாளில் பிடித்தது அதுதான், திமிங்கிலத்தைவிட.

நின்றது. கொஞ்ச நேரத்தில் அரைக் கிலோமீட்டர் தள்ளி, இடப்பக்கம் சாய்ந்தாற்போல ஒரு புகை. ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு மூக்குத் துவாரம் தலையின் முன்னால் இடது ஓரத்தில் இருப்பதால் மூச்சு எப்போதும் முன்பக்கமாக இடப்புறம் சாய்ந்துதான் எழும்பும், தூரத்திலிருந்தே இன்னது என்று சொல்லிவிடலாம். (இங்கே உங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தம்: திமிங்கிலம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதில்லை, அது வெளிவிடும் மூச்சுதான் ஆவியாகவும் துளிகளாகவும் தெரிகிறது. ஒரு படத்தின் கீழே "திமிங்கில மீன்" என்று வேறு போட்டிருந்தீர்கள். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணியை இன்னும் எத்தனை நாள் மீன் என்போம்? டால்பின் "சிரித்துக்கொண்டே வரவேற்றது" என்பதும் அப்படித்தான், அதன் தாடை எலும்பின் அமைப்பு அது, வலியில் துடிக்கும்போதும் அப்படியேதான் இருக்கும்.)

அந்த அம்மா நேராகப் போகவில்லை. பெரிதாக ஒரு வட்டம் எடுத்து, பக்கவாட்டில், அது பார்த்துக்கொண்டிருக்கும் திசைக்கு இணையாகப் படகைக் கொண்டு வந்து, நூறு மீட்டருக்கு மேலேயே கியரை நியூட்ரலில் போட்டுவிட்டார். மிதக்கும் மரக்கட்டை மாதிரி கிடந்தது, சுருக்கம் விழுந்த தோலோடு. பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு தடவை மூச்சு, முதலில் புகை தெரியும், ஒரு கணம் கழித்துச் சத்தம் வந்து சேரும், கனமான கதவைத் திறந்து மூடுவது மாதிரி. பக்கத்தில் இருந்த ஒருவர் பெரிய லென்ஸ் வைத்திருந்தார், இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே என்று இரண்டு தடவை கேட்டார். அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே, "இப்ப அது அடுத்த முக்குளிப்புக்கு மூச்சு சேத்துக்கிட்டு இருக்கு, கலைச்சா பாதியிலயே எறங்கிடும், கீழ சாப்பாடு தேடற நேரம் கொறஞ்சிடும், உங்களுக்கும் வால் தெரியாது" என்றார். கடைசிக் காரணம்தான் அவரை அமைதிப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

ஒன்பது நிமிடம். முதுகு வளைந்தது, வால் முழுசாக மேலே எழுந்தது, இரண்டு மடல்களுக்கும் நடுவே உள்ள பிளவிலிருந்து தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது, ஒரு துளி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. அது போன இடத்தில் அலையே இல்லாமல் எண்ணெய் கொட்டினாற்போல வழவழவென்று ஒரு வட்டம் மட்டும் ரொம்ப நேரம் கிடந்தது. அதற்குள் வாக்கிடாக்கியில் இன்னொரு படகு கேட்டது, இவர் இடத்தைச் சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு மணி நேரப் பயணத்தில் ஒரே ஒரு திமிங்கிலம், அதுவும் ஒன்பது நிமிடம். இறங்கும்போது ஒருவர், ஒன்றுதானே காட்டினீர்கள், பணத்தில் குறைக்க மாட்டீர்களா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் முன்னால் "கிட்டப் போங்க" என்று கத்தியவன் நான்.

முதல் படகின் இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நாங்கள் கேட்டதைக் கொடுத்தார். கிட்டப் போனால் கைதட்டல், நல்ல டிப்ஸ், இணையத்தில் ஐந்து நட்சத்திரம். தள்ளி நின்றால் "ஒன்றும் தெரியவில்லை, ஏமாற்று" என்று ஒரு நட்சத்திரம். கட்டாயம் பார்க்கலாம், பார்க்காவிட்டால் பணம் வாபஸ் என்கிற விளம்பரம் இருக்கிறதே, அது பயணிக்குச் சலுகை, ஓட்டுநருக்கு அது துரத்து என்கிற உத்தரவு. இன்றைக்குத் தெரியாவிட்டால் இன்னொரு நாள் இலவசமாக வாருங்கள் என்பவர்கள் பரவாயில்லை என்பேன், அதிலும் அழுத்தம் உண்டு என்றாலும் அன்றே காட்டியாக வேண்டும் என்கிற வெறி இருக்காது. 1955 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் சாம்பல் திமிங்கிலம் பார்க்க ஒரு டாலர் வாங்கிக்கொண்டு படகு விட்டதுதான் இந்தத் தொழிலின் ஆரம்பம் என்பார்கள், 2008 இல் 119 நாடுகளில் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் போனதாக ஒரு கணக்கெடுப்பு. வேட்டையை விட்டுவிட்டுக் காட்டிப் பிழைக்கலாம் என்று இது மாற்று வழி காட்டியது உண்மை, போர்ச்சுகலின் அஸோர்ஸ் தீவுகளில் முன்பு வேட்டைக்காகத் திமிங்கிலத்தின் மூச்சைத் தேடிய குன்றுமேட்டுக் காவல் குடிசைகளில் இன்று சுற்றுலாப் படகுகளுக்காகப் பைனாகுலரோடு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் தொழிலை மூடு என்று நான் எழுதவில்லை.

நான் கேட்பது உங்களிடம்தான். அடுத்த தடவை இந்த மாதிரிக் கட்டுரை போடும்போது, எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குக் கீழேயே, முன்பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பதையும் போடுங்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், ஒரு கூட்டத்தோடு எவ்வளவு நேரம் இருப்பீர்கள், ஏற்கனவே மூன்று படகு நின்றால் என்ன செய்வீர்கள், குட்டி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று போனில் கேட்டாலே போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். தொட்டுவிடும் தூரத்துக்குக் கூட்டிப் போவோம் என்று பெருமையாகச் சொன்னால் போனை வைத்துவிடலாம். எங்கே விதி எழுதியிருந்தாலும் அதைக் கடலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அதிகாரிகள் எல்லா நாளும் வருவதில்லை, படகில் இருக்கும் பத்துப் பேர்தான் சாட்சி. பத்துப் பேரில் இரண்டு பேர், "போதும், விடுங்க, போகலாம்" என்று சொன்னால் பெரும்பாலான ஓட்டுநர்கள் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன், டீசலும் மிச்சம். படகே வேண்டாம் என்பவர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் போன்ற ஊர்களில் கரையோரப் பாறையில் உட்கார்ந்தபடியே திமிங்கிலம் பார்க்கலாம் என்பதையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள்.

அப்புறம், கட்டுரையோடு நீங்கள் போட்ட அந்தப் பெரிய படம், படகின் விளிம்பிலிருந்து ஒரு பெண் கையை நீட்ட, ஒரு முழம் தள்ளி டால்பின் முதுகு தெரிகிறதே, அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். தூரத்தில் எடுத்த படம் பக்கத்தில் அவ்வளவு எடுப்பாக இருக்காது, எனக்குப் புரிகிறது. மாற்றாக என் 22 நிமிட வீடியோவை வேண்டுமானால் அனுப்புகிறேன், உங்கள் இணையதளத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கூட வந்தவர்களின் முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். எஞ்சின் சத்தத்தை நீக்கிப் பாட்டுச் சேர்க்க வேண்டாம், என் குரலையும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்